அறிவியல் இதழாளரும் நிறுவனச் செய்திக்குறிப்பும்

முன்னுரை

ஆய்வகத்தில் கண்டறியப்பட்டதைப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பவராக அறிவியல் இதழாளர் நெடுங்காலம் விளங்கினார். இன்று பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் ஆய்விதழ்களும் தமக்கென மக்கள்தொடர்புப் பிரிவுகளைக் கொண்டுள்ளன. அவை எழுதும் செய்திகள் பல, இதழாளரின் துணையின்றியே வாசகரை அடைகின்றன. இச்சூழலில் இதழாளரின் பணி எவ்வாறு மாறியுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாறிய சூழல்

1996ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 'யுரேக்அலர்ட்' என்னும் இணையவழிச் சேவையைத் தொடங்கியது. நிறுவனங்களின் செய்திக்குறிப்புகள் இதன்வழி இதழாளர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தன. குறித்த நேரத்திற்கு முன் அவற்றை வெளியிடலாகாது என்பது விதி. மறுபுறம், செய்தி நிறுவனங்களின் அறிவியல் பிரிவுகள் சுருங்கின. சி.என்.என். தொலைக்காட்சி 2008 டிசம்பரில் தன் அறிவியல் பிரிவைக் கலைத்தது. 2009இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில ஒன்றிணைந்து, தம் ஆய்வுச் செய்திகளைத் தாமே வெளியிட 'ஃபியூச்சரிட்டி' என்னும் தளத்தை நிறுவின.

மிகைக்கூற்றின் தோற்றுவாய்

செய்தியில் மிகை காணப்படின் இதழாளரையே குறைகூறுவது வழக்கம். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் 'பி.எம்.ஜே.' ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட, உடல்நலம் சார்ந்த 462 செய்திக்குறிப்புகள் மூல ஆய்வுக் கட்டுரைகளுடன் ஒப்பிடப்பட்டன. விலங்காய்வின் முடிவை மனிதருக்கு ஏற்றியுரைக்கும் மிகை 36 விழுக்காட்டுக் குறிப்புகளில் இருந்தது. அத்தகைய குறிப்புகளைத் தழுவிய செய்திகளில் 86 விழுக்காட்டிலும், மிகையற்ற குறிப்புகளைத் தழுவியவற்றில் 10 விழுக்காட்டிலும் அம்மிகை காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. எனினும், மிகைப்படுத்தியதால் குறிப்புகள் கூடுதலாகச் செய்தியாயின என்பதற்கும் போதிய சான்று கிட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

சரிபார்ப்போராக இதழாளர்

2010 டிசம்பர் 2 அன்று, கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கண்டெடுத்த நுண்ணுயிரி ஒன்று பாஸ்பரசுக்கு மாற்றாக ஆர்சனிக்கைப் பயன்படுத்தி வளர்வதாக நாசா செய்தியாளர் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வேற்றுலக உயிர்த்தேடலைப் பாதிக்கும் கண்டுபிடிப்பு என்னும் முன்னறிவிப்பு, அதற்குச் சில நாள்களுக்கு முன்பே பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியிருந்தது. நுண்ணுயிரியலாளர் ரோசி ரெட்ஃபீல்டு அக்கட்டுரையின் சோதனை முறையிலுள்ள குறைகளைத் தம் வலைப்பதிவில் சுட்டினார். அறிவியல் இதழாளர் கார்ல் சிம்மர், அவ்வாய்வில் தொடர்பற்ற வல்லுநர் பலரிடம் கருத்துக் கேட்டு, அவர்களுள் பெரும்பாலோர் ஐயுற்றதை வெளிப்படுத்தினார். 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இரு கட்டுரைகள் அவ்வுயிரிக்குப் பாஸ்பேட் இன்றியமையாதது எனக் காட்டின. 2025இல் அவ்விதழ் மூலக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

முடிவுரை

செய்திக்குறிப்பு எழுதுவோர் நிறுவனத்திற்குக் கடமைப்பட்டவர். இதழாளர் வாசகருக்குக் கடமைப்பட்டவர். செய்தியை முதலில் அறிவிக்கும் பணி நிறுவனங்களிடம் சென்றுவிட்ட நிலையில், மூலக் கட்டுரையைப் படித்தல், தொடர்பற்ற வல்லுநரை வினவுதல், முடிவின் எல்லையை உரைத்தல் ஆகியனவே இதழாளரின் தனிப்பணிகளாகின்றன. தம் ஆய்வு குறித்த செய்திக்குறிப்பு வெளிவருமுன் அதனைப் பார்வையிடும் ஆய்வாளருக்கும் இப்பொறுப்பில் பங்குண்டு என்பது தெளிவாகிறது.