உடல் உறைந்து போவது சம்மதம் அல்ல

"கத்தியிருக்கலாமே? தள்ளிவிட்டு ஓடியிருக்கலாமே?" பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் வாய் திறந்ததும் வீட்டிலும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வியால் நீதியே தடம் புரளும் என்பதை 1978இல் நாடு பார்த்தது. மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972இல் பழங்குடிச் சிறுமி ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை குறித்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இரு காவலர்களையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பெண்ணின் உடலில் காயம் இல்லை, அவர் கூச்சல் போடவில்லை என்பவை தீர்ப்பில் முக்கியக் காரணங்களாக இருந்தன. உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

அன்றைய தீர்ப்பு கணக்கில் கொள்ளாத ஒன்றை இன்று உடலியல் தெளிவாகச் சொல்கிறது. ஆபத்து வந்தால் எதிர்ப்பதும் ஓடுவதும் மட்டுமே உடலுக்குத் தெரிந்த வழிகள் அல்ல. தப்பிக்க வழியில்லை என்று மூளை உணரும்போது உடல் அப்படியே உறைந்துவிடும். பருந்தின் பிடியில் சிக்கிய கோழிக்குஞ்சு துவண்டு அசைவற்றுக் கிடப்பதைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். மனிதருக்கும் அப்படித்தான்: கை கால் அசையாது, குரல் எழாது. ஆனால் நினைவு இருக்கும், நடப்பது தெரியும். இது பாதிக்கப்பட்டவர் எடுக்கும் முடிவு அல்ல, அவரது விருப்பத்துக்குக் கட்டுப்படாத அனிச்சைச் செயல்.

ஸ்டாக்ஹோமில் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களை அன்னா மோலர் குழுவினர் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்தப் பெண்களில் 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்து போயிருந்தார்கள்; 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அப்படி உறைந்தவர்களிடம் ஆறு மாதங்களுக்குப் பிறகு மனவடுக் கோளாறும் (PTSD) கடும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்பட்டன. "ஏன் எதிர்க்கவில்லை?" என்ற கேள்வி, ஏற்கெனவே அதிகம் காயப்பட்டவரையே மேலும் குத்துகிறது.

நினைவும் இப்படித்தான். பேரச்சத்தில் மூளையின் அமிக்டலா விழித்தெழ, அழுத்த ஹார்மோன்கள் பெருகி, நிதானமாக யோசிக்கும் முன்மூளைப் பகுதி பின்வாங்குகிறது. ஒரு வாசனை, ஒரு குரல் ஆழமாகப் பதியும். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பது கலைந்து போகலாம். சொல்வதில் கோவை இல்லை என்பதாலேயே சொல்வது பொய் ஆகிவிடாது.

இந்தக் காயம் ஆறக்கூடியது. அமெரிக்காவில் பார்பரா ராத்பாம் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், சம்பவத்துக்குப் பிந்தைய நாட்களில் 94 சதவீதப் பெண்களிடம் மனவடுக் கோளாறின் அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதங்களில் அது 47 சதவீதமாகக் குறைந்தது. தானாக ஆறாதவர்களுக்குச் சிகிச்சை இருக்கிறது. "என் தவறுதான்" என்று மனதில் வேரூன்றிய எண்ணத்தை எடுத்துச் சோதித்து மாற்றும் முறையை பாட்ரிசியா ரெசிக் உருவாக்கினார். போர் சூழ்ந்த கிழக்குக் காங்கோவின் கிராமங்களில் அதைக் குழுவாகச் செய்து பார்த்தார்கள். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்கள். தொடக்கத்தில் 71 சதவீதம் பேரிடம் காணப்பட்ட மனச்சோர்வோ பதற்றமோ, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து 9 சதவீதம் பேரிடம் மட்டுமே இருந்தது. தனிநபர் ஆதரவு மட்டும் தரப்பட்ட கிராமங்களில் அது 83இலிருந்து 42 சதவீதமாகவே குறைந்தது.

உடலுக்கான உதவி உடனே வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர மறுப்பது சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவரின் பாலியல் பழக்கத்தை அறிவதாகச் சொல்லி நடத்தப்படும் இரு விரல் சோதனையைச் செய்பவர் முறைகேட்டில் ஈடுபட்டவராகவே கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறிவிட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது எனக் குற்றவியல் சட்டத்தின் 2013 திருத்தம் சொன்னது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவிலும் அது இருக்கிறது.

சட்டமும் மருந்தும் வந்து சேரும் முன்பே பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் இருப்பவர்கள் நாம். அம்மாவிடமோ அக்காவிடமோ தோழியிடமோ அவர் சொல்லும் முதல் நிமிடத்தில் என்ன பதில் கிடைக்கிறது என்பது ஆறுதலின் போக்கையே மாற்றும். ஆதரவு இல்லாத இடத்தில் மனவடு ஆழமாகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் திருநருக்கும் இது பொருந்தும். துருவித் துருவிக் கேட்காதீர்கள். மானம் போய்விடும் என்று வாயை அடைக்காதீர்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். கூட மட்டும் செல்லுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்கள் இருக்கின்றன. உங்களிடம் ஒருவர் இதைச் சொல்லும் நாளில் "ஏன் கத்தவில்லை?" என்று கேட்காதீர்கள். "உன்னை நம்புகிறேன், உன் மேல் தவறில்லை" என்று சொல்லுங்கள்.