சிசேரியனுக்குப் பின் வயிறு ஊதினால்...

தாயும் சேயும் நலம் என்ற செய்தி கிடைத்ததும் வீட்டில் மகிழ்ச்சி பொங்குவது இயல்பே. சிசேரியன் சத்திர சிகிச்சை இன்று பெரும்பாலும் ஆபத்தின்றி நிறைவேறுகிறது. எனினும் அதன்பின் மிக அரிதாக ஏற்படும் ஒரு கோளாறைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நன்று.

சத்திர சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாட்கள் வயிறு சற்று உப்புவது வழக்கம். குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் அது தணிந்துவிடும். ஆனால் சிலருக்கு உப்பல் நாளுக்கு நாள் கூடுகிறது. பெருங்குடலில் அடைப்பு எதுவும் இல்லாதபோதும், அடைபட்டது போல அது இயக்கம் குன்றிக் காற்று நிரம்பி விரிகிறது. குடலை இயக்கும் நரம்புகளின் சமநிலை குலைவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அடைப்பில்லாமலே இவ்வாறு குடல் விரிந்த இரு நோயாளரைப் பற்றி 1948-ஆம் ஆண்டில் ஆங்கிலேய சத்திர சிகிச்சை நிபுணர் சேர் ஹெனேஜ் ஓகில்வி எழுதினார். அவர் பெயராலேயே இந்நோய் இன்றும் வழங்குகிறது.

காற்றுப் பிரிகிறது, மலமும் போகிறது, ஆகவே பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இந்நோய் உள்ள சிலருக்கும் அவை நிகழ்வதுண்டு. பெருங்குடலின் தொடக்கப் பகுதி 12 சென்டிமீற்றருக்கு மேல் விரிந்தால் அது வெடிக்கும் அபாயம் அதிகம். வெடித்தால் கிருமிகள் வயிற்றினுள் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

எக்ஸ்ரே, ஸ்கான் படங்களால் நோயை அறியலாம். முதலில் வாய்வழி உணவை நிறுத்தி, நரம்பு வழியே திரவம் ஏற்றி, இரத்தத்தில் குறைந்துள்ள பொட்டாசியம் போன்ற உப்புகளைச் சரிசெய்வார்கள். மூக்கின் வழியே குழாய் செலுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். பலருக்கு இதுவே போதும். தணியாவிடில் நியோஸ்டிக்மின் என்னும் ஊசிமருந்து உண்டு. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அம்மருந்து பெற்ற 11 நோயாளரில் 10 பேருக்கு விரைவில் குணம் தெரிந்தது. இதயத் துடிப்பை அது குறைக்கக் கூடுமாதலால் வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பிலேயே கொடுக்கப்படும். அதுவும் பலிக்காவிடில் ஆசனவாய் வழியே குழாய்க் கருவி செலுத்திக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். குடல் வெடித்துவிட்டால் உடனடியாக மீண்டும் சத்திர சிகிச்சை செய்தாக வேண்டும்.

பிள்ளை பெற்றவளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் தாய்மார், இதை வெறும் வாயு எனக் கருதி ஓமத் தண்ணீரும் சரக்கும் கொடுத்துக் காத்திருப்பதுண்டு. அன்பினால் செய்வதாயினும் இந்நிலையில் அது தாமதத்தையே உண்டாக்கும். பேதி மருந்து நிலைமையை மோசமாக்கவும் கூடும். வயிறு தொடர்ந்து பெருத்தாலோ, வலது அடிவயிறு நொந்தாலோ, காய்ச்சலோ வாந்தியோ கண்டாலோ, வீடு திரும்பியிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தாய்க்கு அந்நாட்டு மொழி சரளமாக வராவிடில், கணவரோ உறவினரோ அருகிலிருந்து, வயிறு நேற்றைவிட இன்று பெருத்திருக்கிறது என்பதை வைத்தியருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கும்.