புதுக் குடித்தனம்: முதலில் தண்ணீர், பிறகு கட்டில்

பங்காரப்பேட்டை தாலுகாவில், கோலார் தங்க வயலை ஒட்டியிருக்கும் பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர். வரலாற்றுப் பாடத்தில் அதற்கு ஒரு வரி உண்டு. அந்த வட்டாரத்தில் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகும் பிள்ளைகளை இன்று பார்க்கும்போது எனக்குப் பெருமையும் வருகிறது, கவலையும் வருகிறது. பால் காய்ச்சிய அன்றே ஹாலில் சோபா செட், சுவரில் பெரிய டிவி, படுக்கையறையில் கண்ணாடி பதித்த பீரோ எல்லாம் வந்து இறங்கிவிடுகின்றன. தண்ணீர் பிடித்து வைக்க மட்டும் இரண்டு குடம்தான் இருக்கும். அடுத்த மாதம் முதல் தவணை கட்டத் தொடங்கும்போதுதான் எது அவசரம், எது பிறகு என்பது புரிகிறது.

நம் முன்னோர் இப்படிக் குடித்தனம் தொடங்கியவர்கள் இல்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடுகளில் இருந்தன. படுக்கப் பாய், துணிக்கு ஒரு ட்ரங்குப் பெட்டி, தண்ணீருக்கு அண்டா. மற்றவை சம்பளம் வரவர வந்து சேர்ந்தன. அந்த வறுமையை நான் கொண்டாடவில்லை. தட்டி வீட்டில் அவர்கள் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. ஆனால் தேவை வந்த பிறகு பொருள் வாங்குவது என்ற அவர்களின் வரிசை சரியான வரிசை. சுரங்கம் 2001-ல் மூடிய பிறகு இந்த வட்டாரத்தில் சம்பாத்தியம் என்பது பெரும்பாலும் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வருவதுதான். பொழுது விடியும் முன் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிற வாழ்க்கை. அப்படிப்பட்ட வீட்டில் சோபாவில் உட்கார யாருக்கு நேரம்? அந்த வீடு கேட்பது நல்ல தண்ணீர், நிம்மதியான தூக்கம், காலையில் சீக்கிரம் முடிகிற சமையல். பட்ஜெட்டை இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஏரிகளும் போர்வெல்களும்தான் ஆதாரம். பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கும். இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். கடையில் விலை குறைவாக இருக்கிறதென்று யு.வி. விளக்கு மட்டும் உள்ள ஃபில்டரை வாங்குகிறார்கள். அது கிருமியைக் கொல்லும். ஃப்ளோரைடை ஒன்றும் செய்யாது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அதனால் ஃபில்டர் வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குச் சோதனைப் பெட்டியும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஃப்ளோரைடு அதிகம் என்று தெரிந்தால் ஆர்.ஓ. மெஷின் பயன்படும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் அதைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கழிவாக வெளியே விடுகிறது. தண்ணீருக்குத் தவிக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஊரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதென்றால், நாணயம் போட்டுக் கேனில் பிடித்து வருவதே சிக்கனம். வீட்டு மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் மூடி போட்ட பெரிய டிரம் ஒன்றும், குடிதண்ணீருக்குக் குழாய் வைத்த ஸ்டீல் பானை ஒன்றும், இரண்டு கேனும் வாங்கிவிடலாம்; கையில் மிச்சமும் இருக்கும்.

அடுத்தது, தூக்கத்துக்கும் சமையலுக்கும் வேண்டிய மின்சாரம். சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து கம்பி இழுத்து 1902-லேயே மின்சாரம் வந்து சேர்ந்த இடம் தங்க வயல். அன்று அது சுரங்கத்துக்காக வந்தது. இன்று, 2023-ல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் கர்நாடக வீடுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. ‘200 யூனிட் இலவசம்’ என்ற பேச்சைக் கேட்டுவிட்டு, புதுக் குடித்தனக்காரர்கள் தங்களுக்கும் 200 யூனிட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் அப்படி இல்லை. பழைய வீட்டுக்கு 2022-23-ல் மாதச் சராசரி எவ்வளவோ, அதோடு பத்து சதவீதம் சேர்த்துத்தான் இலவசம் என்று 2023-ல் தொடங்கினார்கள். பழைய கணக்கே இல்லாத புது வீட்டுக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டோடு பத்து சதவீதம் சேர்த்து 58 யூனிட் என்று வைத்தார்கள். அதற்கு மேல் ஓடினால் கூடுதலுக்குக் காசு கட்ட வேண்டும். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில்.

இந்த 58-ஐ மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போய்ப் பாருங்கள், கண் தானாகத் திறக்கும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட்டில் அதே காற்று தரும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் முன்னது மாதம் 22 யூனிட்டுக்கு மேல் தின்னும், பின்னது எட்டரைக்குள் நிற்கும். இரண்டு ஃபேன் உள்ள வீட்டில் 28 யூனிட் மிச்சம். வாங்கும்போது ஆயிரமோ கூடுதலோ விலை அதிகம்தான். இருந்தாலும் சோபாவைத் தள்ளிப் போட்டாவது இதை வாங்குங்கள் என்பேன். இரண்டு கிலோவாட் கீசர் தினமும் அரை மணி எரிந்தால் மாதம் 30 யூனிட். இலவசத்தில் பாதிக்கு மேல் குளியலறையிலேயே போய்விடும். ஹீட்டர் ராடு வாங்கினாலும் தண்ணீர் சூடாக அதே மின்சாரம்தான் தேவை; அதோடு ஷாக் ஆபத்தும் உண்டு. மார்கழிக் குளிரில் இங்கே வெந்நீர் இல்லாமல் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வாசலில் இடம் இருக்கிற கிராமத்து வீட்டில் நீலகிரி (தைல மர) விறகு போட்டு அண்டாவில் காய்ச்சும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அது போதும். சொந்த வீடு என்றால் சோலார் ஹீட்டருக்குக் காசு சேர்க்கலாம். ஆனால் இந்த வட்டாரத்து உப்புத் தண்ணீர் அதன் கண்ணாடிக் குழாயில் படிவு கட்டும் என்பதை முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லி, கடின நீருக்கேற்ற மாடலைக் கேட்டு வாங்குங்கள். ஃபிரிட்ஜ் எடுக்கும்போது நட்சத்திரத்தை எண்ணிவிட்டு நிற்காதீர்கள். அந்த லேபிளிலேயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஏ.சி. இந்த மேட்டு நிலத்துக்குத் தேவையே இல்லை.

தூக்கத்துக்கு வருவோம். மூன்று மணி நேரம் ரயிலில் கழிக்கிற முதுகுக்கு நல்ல மெத்தை ஆடம்பரம் ஆகாது. கட்டிலில் மிச்சம் பிடித்து மெத்தையில் செலவழியுங்கள். இரும்புக் கட்டில் போதும். கழற்றி மாட்டலாம், மூட்டைப்பூச்சி வந்தாலும் வெயிலில் போட்டுச் சுத்தம் செய்யலாம். மரத்தில்தான் வேண்டும் என்றால், பிளைவுட் கடைக்குப் போகும் முன் உள்ளூர் ஆசாரியிடம் காய்ந்த வேம்போ பலாவோ கிடைக்குமா என்று கேளுங்கள். லைன் வீடுகளிலும் பழைய கம்பெனி குவார்ட்டர்ஸிலும் வாசற்படி குறுகல். டேப் எடுத்து வாசலையும் அறையையும் அளக்காமல் கட்டிலுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போகியத்துக்கு எடுத்த வீட்டில் சுவரோடு சேர்த்துக் கப்போர்டு அடிப்பது, அடுத்தவர் வீட்டுக்கு நாம் செய்கிற சீர். கழற்றி எடுத்துப் போகிற ஸ்டீல் பீரோவே சரி. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: கோடையில் காற்றோடு வரும் வெள்ளைத் தூசி திறந்த ஷெல்ஃபில் உள்ள எல்லாவற்றிலும் படியும். கதவு உள்ள அலமாரியாகவே வாங்குங்கள், பாத்திரத்துக்கும்கூட.

சமையலறைக்கு இரண்டு பர்னர் அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர், மிக்சி, நாலு கனமான பாத்திரம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். தோசை மாவு ஊர் கிரைண்டரில் ஆட்டிக்கொள்ளலாம், கிரைண்டர் அடுத்த தீபாவளிக்கு வரட்டும்.

பெங்களூரில் மலிவு என்று சிக்பேட்டை, எஸ்.பி. ரோடு வரை போகிறவர்கள், ஃபேன், ஸ்விட்ச், குழாய் போன்று கையில் தூக்கிவரும் சாமான்களுக்குப் போவது நியாயம். கட்டிலும் பீரோவும் வாங்கி வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்தால் மலிவெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். கனமான பொருளை ராபர்ட்சன்பேட்டையிலோ பங்காரப்பேட்டையிலோ வாங்குங்கள். கால் ஆடினால் வந்து சரிசெய்ய ஆள் பக்கத்தில் இருப்பார். மேஜை, நாற்காலி, ஸ்டீல் பீரோ இவற்றைப் பழையதாக வாங்க வெட்கமே வேண்டாம். மெத்தை, குக்கர், கேஸ் ட்யூப் மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள்.

கடனைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று போர்டு பார்த்தால் நின்று கணக்குப் போடுங்கள். 2013-லேயே ரிசர்வ் வங்கி இதைச் சொல்லி வங்கிகளைக் கண்டித்தது: வட்டி பிராசசிங் கட்டணமாக ஒளிந்திருக்கிறது, பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் குறைகிற தொகைதான் உங்கள் வட்டி. குறுங்கடன் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2009-ல் கோலாரில் கடன் கொடுத்த நிறுவனங்களுக்கும் வாங்கிய பெண்களுக்கும் பெரிய முட்டல் வந்தது. வசூல் கொடுமையைத் தடுக்க மாநில அரசு 2025-ல் அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கடன் எடுத்தே ஆகவேண்டும் என்றால் சுய உதவிக் குழுவில் எடுங்கள். பூதிகோட்டைப் பெண்களின் குழுக்கள் பழையவை, பக்குவப்பட்டவை. ‘நம்ம த்வனி’ என்ற சமுதாய வானொலி இந்த ஊரில் உருவானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபிரிட்ஜுக்குக் கடன் கேட்கிற பெண்ணிடம், இப்போதே வேண்டுமா அக்கா என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள். கடையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குகிற பீரோவும் கட்டிலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணைதான், அதற்காகக் கடன்படாதீர்கள். கல்யாணத்துக்குப் போகிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சுவர்க் கடிகாரமும் கண்ணாடி செட்டும் அந்த வீட்டில் ஏற்கெனவே நாலைந்து சேர்ந்திருக்கும். நாலு நண்பர்கள் சேர்ந்து, புதுத் தம்பதியிடம் கேட்டுவிட்டு, ஒரு நல்ல ஃபேனோ தண்ணீர் டிரம்மோ வாங்கிக் கொடுங்கள்.