கன்றுக்குட்டியும் படர்தாமரையும்

கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றி முடி கொட்டியிருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். அந்த இடம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. தொட்டால் சொரசொரக்கிறது. கன்று நன்றாகத்தான் பால் குடிக்கிறது. துள்ளி ஓடுகிறது. அதனால் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டுக் குழந்தை வழக்கம்போல அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடுகிறது.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, குழந்தையின் கன்னத்தில் வட்டமாக ஒரு தடிப்பு வருகிறது. பால் கறக்கும் அம்மாவின் கையிலும் அதே வட்டம். ஓரம் சிவந்து மேடாக இருக்கிறது. நடுவில் ஆறியதுபோல் தெரிகிறது. அரிப்பு தாங்க முடியவில்லை. இதுதான் படர்தாமரை.

பெயரில்தான் தாமரை. உண்மையில் இது ஒரு பூஞ்சை. மழைக்காலத்தில் ஊறுகாய் மேல் பூக்கிறதே பூஞ்சணம், அதற்கு உறவு. இது தோலிலும் முடியிலும் நகத்திலும் வளரும்.

கன்றின் உடம்பிலிருந்து முடியும் செதிலும் உதிரும். அவற்றில் பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கட்டுத்தறி, கயிறு, தொழுவத்துச் சுவர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கன்றைத் தொடாதவருக்கும் இது வரலாம். நாய், பூனையிடமிருந்தும் வரும். சில பூனைகளின் உடம்பில் ஒரு புண்கூடத் தெரியாது.

அரிப்பு வந்ததும் பலர் கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஆபத்து. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். சிவப்பும் குறையும். ஆனால் பூஞ்சை சாகாது. உள்ளுக்குள் இன்னும் பரவும். வட்டத்தின் உருவமே மாறிவிடும். பிறகு டாக்டருக்கே இன்னதென்று சொல்வது கடினம். மண்ணெண்ணெய், பேட்டரி அமிலம் பூசுகிறவர்களும் உண்டு. தோல் வெந்து போவதுதான் மிச்சம்.

குழந்தையின் தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது. பல வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். சில குழந்தைகளுக்குத் தலையில் சீழ்க்கட்டிபோல வீங்கும். அதைக் கீறக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

கன்றை விட்டுவிட்டு மனிதருக்கு மட்டும் மருந்து போட்டால், நோய் திரும்பத் திரும்ப வரும். கன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தனியாகக் கட்ட வேண்டும். தொழுவத்தைச் சுரண்டிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளிக்கலாம். தொழுவத்தில் வெயில் விழட்டும். கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கன்றுக்குச் சில மாதத்தில் தானாகவே ஆறிவிடுவது உண்டு. அதுவரை குழந்தை அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.