பால்வாடியில் 'சும்மா' விளையாடுகிறார்களா?

போன வாரம் எம்.ரெட்டியபட்டிக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு மூணு வயசு முடியப் போகுது. "அருப்புக்கோட்டைக்கு வேன்ல அனுப்பவாடா, இங்க பால்வாடியிலயே விடவா? அங்க சும்மா விளையாடத்தான விடுறாங்க"ன்னு அக்கா கேட்டுச்சு. இந்த எபிசோடு அந்த 'சும்மா'வைப் பற்றித்தான்.

சென்னை மாலில் மணிக்கணக்குக்குக் காசு கட்டிப் பிள்ளையைப் பந்துக் குவியலில் இறக்கிவிட்டால் அது 'ப்ளே ஏரியா'. ஊரில் இலவசமாக விளையாடினால் அது சும்மா!

1907இல் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில். இன்றைக்கு அந்தப் பெயர் போட்ட பள்ளிகளில் ஃபீஸ் கேட்டால் தலை சுத்தும், அது வேற கதை. அந்த முறைக்கான சாமான்கள் நம்ம கிராமங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், 1945இல் மகாராஷ்டிராவின் போர்டியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக மையம் தொடங்கிய தாராபாய் மோடக், ஊரில் கிடைக்கிற பொருள்களையே பாடமாக்கினார். மத்திய அரசின் ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. நம்ம பால்வாடிகள் இப்போது இயங்குவது அதன் கீழேதான்.

ஊரில் கிடைக்கிற பொருள்னா என்ன? புளியங்கொட்டையை எடுத்துக்குங்க. பெரிசு, சிறிசுன்னு பிரிக்கலாம். பத்துப் பத்தாக் கூட்டி வைக்கலாம். ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாய் சின்ன பாட்டிலுக்குள் போடும்போது, பின்னாடி பென்சில் பிடிக்க வேண்டிய அதே விரல்கள்தான் பழகுகின்றன. ஆனால் ரெண்டு வயசுப் பிள்ளை அதை வாயிலயோ மூக்கிலயோ போட்டுக்கும். அதனால் அவங்களுக்குச் சிரட்டை, சொப்பு மாதிரிப் பெரிய சாமான்; கொட்டை விளையாட்டு பெரிய பிள்ளைகளுக்கு, தனி மூலையில், டீச்சர் கண்ணுக்கு எதிரே. ஒரே ரூமில் ரெண்டு வயசு முதல் ஆறு வயசு வரை வைத்து நடத்துவதில் கஷ்டமான பகுதி இதுதான். சித்திரை வெயிலில் கரிசல் தரையில் கால் வைக்க முடியாது, அதனால் வெளியே விடவும் வழியில்லை.

அந்த ரூமுக்கு ஒரு டீச்சர், சமையலுக்கும் சேர்த்து ஒரு உதவியாளர். டீச்சர்தான் எடை பார்க்கணும், சத்துமாவு கொடுக்கணும், வீடு வீடாப் போகணும். 2021இலிருந்து போஷன் டிராக்கர் ஆப் வேறு. 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க வருபவரின் முகத்தையும் அதில் சரிபார்க்கணும். ஒரே சர்வர்ல பத்து வேலையை ஓடவிட்டால் எது முதலில் நிற்கும்? யாரும் ரிப்போர்ட் கேட்காத வேலைதான். எடைக்கு ஒரு எண் உண்டு. விளையாட்டுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. ஆப் எழுதுற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான், எனக்கே இதைச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு.

அதனால அக்காகிட்ட ரெண்டே விஷயம் சொன்னேன். ஒரு நாள் காலையில ஒரு மணி நேரம் அங்க போய் உட்காரு. சாமான் பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல இருக்கா, உடைஞ்சிடும்னு பீரோவுல பூட்டியிருக்கான்னு பாரு. டீச்சர் பிள்ளைங்களோட தரையில உட்கார்ந்து பேசுறாங்களான்னும் பாரு. அது ரெண்டும் இருந்தா, மூணு வயசுல வேன் பயணம் எதுக்கு?

திங்கக்கிழமை போறேன்னு சொல்லியிருக்கு. வேன்காரருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கல.