சர்க்கரைப் பித்து – 17: அரசர் கையில் உடைந்த கைத்துண்டு

போன வாரம், கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்டைப் பிசைந்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தோம். கிளிசரின் எதற்கு, குளுக்கோஸ் எதற்கு என்பதெல்லாம் அந்த இதழிலேயே இருக்கிறது. இந்த வாரம் காட்டு விலங்குகள் கேக்குக்கு யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி மூன்றையும் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். செய்துவிடலாம். அதற்கு முன் 1574-ஐச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த வருடம் போலந்தில் அரசராக இருந்த ஹென்றி, பிரான்சில் அண்ணன் ஒன்பதாம் சார்லஸ் இறந்துபோன செய்தி கிடைத்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிராக்கோவிலிருந்து நழுவினார். ஊர் போய்ச் சேருவதற்குள் ஜூலையில் வெனிஸில் தங்கல். வெனிஸ்காரர்கள் சும்மா விடுவார்களா? கப்பல் கட்டும் ஆர்சனாலுக்கு அழைத்துப்போய் விருந்து வைத்தார்கள். அரசர் உட்கார்ந்தார், கைத்துண்டை எடுத்தார். அது கையிலேயே பொலபொலவென்று உடைந்தது. துண்டு, சர்க்கரை. விரிப்பும் சர்க்கரை. தட்டு, கத்தி, முள்கரண்டி, ரொட்டி, எல்லாமே சர்க்கரை.

சைப்ரஸ் தீவைத் துருக்கியரிடம் பறிகொடுத்து அப்போது மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கை நொடித்துப்போகவில்லை என்று காட்ட வேண்டிய கட்டாயம் அந்த நகரத்துக்கு. சர்க்கரையை மருந்துக்கடையில் நிறுத்து விற்ற காலத்தில் அதைத் துணியாக மடித்து மேஜையில் போடுவதைவிடப் பெரிய ஜம்பம் என்ன இருக்க முடியும்?

சரி, மடிப்பு எப்படி நின்றது? வெறும் சர்க்கரையில் தண்ணீர் சேர்த்தால் ஈர மணல். பாகு காய்ச்சி ஊற்றினால் கண்ணாடி. துணி மாதிரி மெல்லிசாகத் தேய்க்கவும், மடிக்கவும், அப்படியே காயவைக்கவும் ஒரு பிசின் வேண்டும். அதுதான் டிராககாந்த். ஈரான், துருக்கி மலைச்சரிவுகளில் வளரும் முட்செடியைக் கீறினால் நாடா நாடாவாகக் கசிந்து உறையும். மதுரை ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசினைப்போல இதுவும் தண்ணீரில் ஊறி வீங்கும், செடிதான் வேறு. 1555-இல் அதே வெனிஸில் அலெஸ்ஸியோ பியமான்டேஸே என்ற பெயரில் வெளியான 'ரகசியங்கள்' புத்தகத்தில் செய்முறையே இருக்கிறது. பிசினைப் பன்னீரில் ஊறவை. எலுமிச்சைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர். பொடித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசை. அதில் தட்டும் கிண்ணமும் செய். சூடான எதையும் பக்கத்தில் கொண்டுவராதே. சாப்பாடு முடிந்ததும் தட்டையும் உடைத்துத் தின்றுவிடலாம். பாத்திரம் தேய்க்கும் வேலை மிச்சம் என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

காட்டு விலங்கு தீமும் புதுசில்லை. 1582-இல் இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் முராத் தன் மகன் மெஹ்மதின் சுன்னத் விழாவை வாரக்கணக்கில் கொண்டாடியபோது, சர்க்கரையில் செய்த மிருகங்களை ஊர்வலமாகச் சுமந்து வந்தார்கள். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அதில் உண்டு. முதல் பிறந்தநாளுக்கு இன்று எல்லோரும் கேட்கிற அதே பட்டியல்! கவனித்தீர்களா, இந்த இரண்டு இடத்திலும் கேக்கே கிடையாது. பொம்மைதான் முதலில் வந்தது. அடியில் கேக் பிற்பாடு வந்து நின்றது, பீடம் மாதிரி. 'கேக்குக்கு அலங்காரம்' என்று சொல்லிக்கொள்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் அலங்காரத்துக்குத்தான் கேக்.

இப்போது யானை. டிராககாந்துக்குப் பதிலாக இன்று பேக்கிங் சாமான் கடையில் சிஎம்சி பவுடர் என்று கேளுங்கள். செடிகளின் செல்லுலோஸிலிருந்து வருவது. கால் கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் போட்டுப் பிசைந்து சில மணி நேரம் மூடி வையுங்கள். கால்கள் நான்கையும் முதல் நாளே குட்டையாக, தடியாக உருட்டிக் காயவிடுங்கள். ஈரக் காலில் உடம்பை ஏற்றினால் யானை உட்கார்ந்துவிடும். தும்பிக்கையைத் தனியாக ஒட்டாமல், தலை உருண்டையிலிருந்தே இழுத்து நீட்டுங்கள். காதைச் சோளமாவு தூவித் தேய்த்து, கரண்டிக் குழியில் கிடத்தினால் வளைவோடு காயும். ஒட்டுவதற்குத் தண்ணீரில் கரைத்த சிஎம்சி போதும். உள்ளே பல்குத்தும் குச்சி வைக்காதீர்கள். குழந்தை நேரே தலையைத்தான் கடிக்கும். உடைத்த ஸ்பகெட்டித் துண்டு வையுங்கள். சென்னைக் காற்றில் காய மூன்று நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் யானைக்கு வியர்த்துக் கொட்டும்.

இடையில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: சைவக்காரர்கள் இதைச் சாப்பிடலாமா? கடையில் வாங்குகிற ஃபாண்டன்டில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஜெலட்டின் மாட்டுத்தோல், எலும்பு, பன்றித்தோல் இவற்றிலிருந்து வருவது. முட்டை இல்லாத கேக் என்று கறாராகச் சொல்லி வாங்கி, மேலே இதைப் போர்த்துகிற வீடுகள் நிறைய. வீட்டில் பிசைவதானால் கடல்பாசி எனும் அகர் அகர் போட்டுச் செய்யலாம். பதம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

சிங்கத்தின் பிடரிக்கும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்கும் இந்த வாரம் இடமில்லை. ஆசிரியர் இப்போதே இரண்டு முறை போன் செய்துவிட்டார். அடுத்த வாரம் கழுத்தை நிமிர்த்திவிடுவோம். ஆனால் இதையும் சொல்லிவைக்கிறேன்: 1940 ஆகஸ்டில், யுத்தத்தின் நடுவே, கேக்கின் மேல் சர்க்கரை பூசக் கூடாது என்று பிரிட்டனில் சட்டமே போட்டார்கள். கல்யாண கேக்குகளுக்கு அட்டையில் அடுக்கு செய்து கவிழ்த்தார்கள். அந்த அட்டைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம்.