குழந்தையோடு மலையேறுதல்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப்படும். அந்நிலத்திற்குரிய தெய்வம் சேயோன் என்று தொல்காப்பியர் வகுத்தார். சேயோன் என்பது செந்நிறத்தான் எனப் பொருள்படும். சேய் என்னும் சொல்லுக்குக் குழந்தை என்ற பொருளும் உண்டு. மலைக்கு இறைவனாய் நிற்பவனே குழந்தையாயும் நிற்கின்றான் என்பது நம் நாட்டார் உள்ளத்தில் ஊறிய உண்மை. ஆகவே குழந்தைகளை அழைத்துக்கொண்டு மலையேறுவது எவ்வாறு என்பதை இத்திருவிழா நாளில் சிந்திப்பது பொருத்தமேயாகும்.

பழநி மலைத்தொடரில், கோடைக்கானலுக்கு அப்பால், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை முதலிய சிற்றூர்களை மேல்மலை என்பர். அவற்றுள் ஒன்று போளூர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஒன்பதும் ஐந்தும் வயதுடைய நம் பேரப்பிள்ளைகள் இருவரை அழைத்துக்கொண்டு, பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களைக் கடந்து மேட்டின் உச்சிக்குச் செல்லப் புறப்பட்டோம். நண்பகலுக்குள் உச்சியை அடைந்து, அங்கு நின்று பழநியாண்டவனைத் தொழுதுவிட வேண்டும் என்பது நம் எண்ணம். புறப்படும்போதே காலம் தாழ்ந்துவிட்டது. அதனை ஈடு செய்ய நடையை விரைவுபடுத்தினோம்.

பாதி வழியில் இளையவன் அமர்ந்துவிட்டான். "முருகன் மலையில் சோம்பல் ஆகுமா?" என்று கடிந்தோம். அவ்வழியே விறகு சுமந்து வந்த மூதாட்டி ஒருவர் நின்று, "ஐயா, பிள்ளைக்குப் பசிக்குது. மலை எங்கேயும் போயிடாது" என்றார். அவன் வாய்க்கு உணவு கொடுத்து நிமிர்வதற்குள் பனிமூட்டம் கவிந்தது. பத்தடிக்கு அப்பால் வழி தெரியவில்லை. சிறுவனுடைய உதடுகள் குளிரால் நடுங்கின. மேல்துண்டால் அவனைப் போர்த்தித் தோளில் சுமந்து திரும்பினோம். உச்சியைக் காணவில்லையே என்று மூத்தவள் வழி நெடுக அழுதாள். அன்று பிழை குழந்தைகளுடையதன்று, நம்முடையது.

பழநித் தலவரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கனி கிடைக்காத குழந்தை சினந்து மலைமேல் போய் நின்றது. அம்மையும் அப்பனும் என் செய்தனர்? கயிலையில் இருந்தபடியே "வா" என்று ஆணையிடவில்லை. குழந்தை நின்ற இடத்திற்குத் தாமே எழுந்தருளினர். பூம்பாறையில் முருகனுக்குக் குழந்தை வேலப்பர் என்பது திருநாமம். அருணகிரிநாதர் அவ்வூரில் துயின்ற இரவில் தீங்கு செய்ய வந்த அரக்கி, முருகன் குழந்தையாய் அவர் அருகில் தோன்றக் கண்டு, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணி விலகினாள் என்று தலவரலாறு கூறும். குழந்தையைக் காப்பதாக நாம் நினைக்கின்றோம். குழந்தை நம்மைக் காப்பதும் உண்டு. அன்று இளையவன் அமராதிருந்தால், பனிமூட்டம் நம்மை இன்னும் உயரத்தில் வளைத்திருக்கும்.

சைவ சித்தாந்தம் இதனையே பக்குவம் என்று பேசும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகளை வகுத்தது எதற்காக? உயிர்கள் யாவும் ஒரே விரைவில் ஏற இயலாமையால் அன்றோ? திருவருள் பதிதலையும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காகக் கூறுவர். மெல்ல வரும் உயிரை இறைவன் தள்ளுவதில்லை. அதன் தரத்திற்கு ஏற்பத் தான் இறங்கி வருகின்றான். உயிர்களிடத்து அவன் காட்டும் பொறுமையைப் பெற்றோர் பிள்ளைகளிடத்துக் காட்ட வேண்டாவா?

ஆகவே சில நெறிகளைச் சொல்லுவோம். விடியலிலேயே புறப்படுக. மலையில் நண்பகலுக்குப் பின் பனிமூட்டமும் மழையும் வருவது இயல்பு. கூட்டத்தில் மிகச் சிறிய பிள்ளையின் நடையே அனைவருக்கும் நடையாகுக. அப்பிள்ளைக்கு முன்னும் பின்னும் பெரியவர் ஒருவர் செல்லுக. பசி எடுக்குமுன் ஊட்டுக. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் சேர்ந்த பஞ்சாமிர்தம் இறைவனுக்கு உகந்தது மட்டுமன்று. ஏறிக் களைத்தவனுக்கு உடனே வலிமை தருவதும் ஆகும். வெயில் காய்ந்தாலும் கம்பளி உடை ஒன்று கையில் இருக்கட்டும். காட்டுமாடு எதிர்ப்பட்டால் அருகே செல்லாமல், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குக. பழநியில் 693 படிகளை ஏற இயலாத முதியோர்க்கும் மழலையர்க்கும் இழுவை இரயிலும் கம்பிவட ஊர்தியும் உள்ளன; அவற்றில் செல்வது பத்திக்குக் குறைவாகாது.

காட்டு வழியாயின் வனத்துறையின் அனுமதியும் வழி அறிந்தவர் துணையும் இன்றிச் செல்லலாகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ, மலையேறச் சென்றவருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருப்பது. வழியில் கற்பூரம் ஏற்றுவதும் அடுப்பு மூட்டுவதும் வழிபாடு ஆகா.

மறுநாள் விடியலில் அதே வழியே மீண்டும் சென்றோம். இம்முறை இளையவன் முன்னே நடந்தான். அவன் நின்ற இடமெல்லாம் நின்றோம். அவன் காட்டிய பூவையெல்லாம் கண்டோம். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையில் அவன் அமர்ந்து, "தாத்தா, இது போதும்" என்றான். அங்கிருந்தே கைகூப்பினோம். மூத்தவளும் அழவில்லை. உச்சியில் உறைபவன் அந்தப் பாறையிலும் உறைகின்றான் அன்றோ?

பிள்ளைகளோடு மலையேறும் அன்பர்கள், பிள்ளையாய் நிற்கும் பெருமானை உடன் கொண்டு ஏறி, நலமே இறங்கி இல்லம் சேர்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.